அம்மாரவதைக் கூடம்

அத்தியாயம் 14

கமாவுக்கு இருமல் நோய் எதுவும் கிடையாது. ஆனாலும் ஒன்பது வருடமாக அந்த வீட்டில் அவள் இருமிக்கொண்டுதான் இருக்கிறாள். வில்லியைக் கூப்பிட வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நின்று லேசாக ஒரு இருமல். வில்லி திரும்பியதும், "பீரோ சாவி எங்க இருக்கு?" என்று மொட்டையாக ஒரு கேள்வி. போனில் அந்த இருமலும் கிடையாது, நேராகக் கேள்விதான். கமாவின் போனில் தன் எண் ‘வீடு 2’ என்று பதிவாகியிருப்பதை வில்லி போன மாதம்தான் தற்செயலாகப் பார்த்தாள்.

இந்த வாரம்தான் நம்மோடு சேருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. வில்லி என்பது அச்சகத்தில் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர். பழைய கதைகளில் அடிபட்டுச் செத்த சூனியக்காரி, ராட்சசி, பொறாமை பிடித்த ராணி எல்லோரையும் எழுப்பி உட்காரவைத்து, "சரி, உன் பக்கத்து நியாயத்தைச் சொல்" என்று கேட்டு எழுதுகிறவள் அவள். அச்சகக்காரரின் இரண்டாவது மனைவி. கமா, அவருடைய மறைந்த முதல் மனைவியின் மகள். வில்லி அந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. இப்போது அதே அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பதும் மெய்ப்புப் பார்ப்பதும் அவள்தான். ஒரு கமா விட்டுப்போனாலும் ஓடுகிற மெஷினை நிறுத்திவிடுவாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

இருவருக்கும் சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை என்று ஒன்று இருந்தாலாவது சமாதானம் பேசலாம். வில்லிக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் கமாதான். வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தாள். எழுப்பியது மட்டும் இருமித்தான்.

அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று வில்லி ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. அந்த இடம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். சித்தி என்று கூப்பிட்டால் போதும், ஜென்ம சாபல்யம். இதில் வேடிக்கை என்னவென்றால், தபால்காரர், பழக்கடைக்காரர், அச்சகத்து மெஷின்காரர் என்று தெருவில் பாதிப்பேர் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்று சைக்கிளில் போகிறவன்கூடச் சொல்லிவிட்டுப் போவான். ஊருக்கெல்லாம் அம்மாவாக இருந்தவள் வீட்டில் ஒரு இருமலாக இருந்தாள்.

போன வாரம் வில்லி தன் புத்தகத்தின் ஏழாவதும் கடைசியுமான கதையை எழுதி முடித்தாள் அல்லவா? ஒரு சித்தியின் கதை. கொடுமைக்காரி என்று ஊரே தூற்றும் இளையராணியின் பக்கத்து நியாயத்தைச் சொல்லும் கதை. அச்சகத்துக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து நேராகத் தட்டிய கதை அது. அதில் வரும் ராஜகுமாரி, சித்தியை ஒருநாளும் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. இது யாரைப் பற்றியது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. மெய்ப்புப் பார்த்த கமா நேற்று மாலை சொன்னது ஒரே வாக்கியம்.

"ரெண்டு எடத்துல ஒற்று விட்டுப்போயிருந்துச்சு. போட்டுட்டேன்."

கதை பிடித்ததா, தன்னைத்தான் எழுதியிருக்கிறாள் என்று புரிந்ததா, புரிந்து கோபமா, எதுவும் அந்த முகத்தில் இல்லை. வில்லிக்கு அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. எழுதியிருக்கவே கூடாது என்று தோன்றியது. புத்தகம் நாளைக் காலை பத்து மணிக்கு நூலக அரங்கில் வெளியாகிறது, இனி யோசித்து என்ன பயன் என்றும் தோன்றியது.

இன்று காலை எட்டரை மணிக்கு அவள் அச்சகத்துக்குள் நுழைந்தபோது மெஷின்காரர் கையில் ஒரு தாளோடு வாசலுக்கே வந்துவிட்டார். முப்பது வருடமாக மெஷின் ஓட்டுகிறவர். அச்சடிக்கும் எதையும் படிப்பதில்லை என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையையே இன்று விட்டிருந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. இந்த அம்மாரவதைன்னா என்னம்மா?"

வில்லி தாளை வாங்கிப் பார்த்தாள். கடைசிக் கதையின் நடுப்பக்கம். கொட்டை எழுத்தில் உபதலைப்பு: ‘அம்மாரவதைக் கூடம்’. அதற்குக் கீழே, ‘அந்தக் கோட்டையின் அம்மாரவதைக் கூடம் ஏழு நாடுகளிலும் பிரஅம்மா பெற்றது.’

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. அம்மாரவதை. சித்திரவதை எப்படி இப்படி ஆனது என்று யோசித்துக்கொண்டே அடுத்த பத்திக்குப் போனாள். ‘அம்மா அவளுடைய நீண்ட கூந்தலை அறுத்தாள். முகத்தில் கரியைப் பூசினாள். காட்டின் வாசலில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.’

சிரிப்பு நின்றது. அவள் எழுதியது ‘சித்தி அவளுடைய நீண்ட கூந்தலை’ என்று. தாளைத் திருப்பினாள். எங்கெல்லாம் சித்தி இருந்தாளோ அங்கெல்லாம் அம்மா இருந்தாள். யாரோ கம்ப்யூட்டரில் சித்தி என்ற சொல்லை மொத்தமாகத் தேடி மொத்தமாக அம்மாவாக மாற்றியிருக்கிறார்கள். சித்திரவதைக்குள் ஒளிந்திருந்த சித்தியும், பிரசித்திக்குள் ஒளிந்திருந்த சித்தியும்கூடத் தப்பவில்லை.

யாரோ என்ன யாரோ. அந்தக் கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கத் தெரிந்தவள் ஒரே ஒருத்திதான்.

வில்லி அப்படியே பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். வாயால் சொல்ல முடியாததை அந்தப் பெண் எழுத்தில் சொல்லியிருக்கிறாள். ஒற்று போட்டேன் என்று ஒன்றுமே நடக்காத மாதிரி சொல்லிவிட்டு, உள்ளே இந்த வேலை பார்த்திருக்கிறாள். அழுத்தக்காரி. சித்தி வரும் என்று ஒன்பது வருடம் காத்திருந்தவளுக்கு அதற்கு மேலேயே வந்துவிட்டது.

மெஷினை நிறுத்தச் சொன்னாள். பிழைகளைத் திருத்தித்தான் ஆக வேண்டும். கமா லேமினேஷன் கடையில் அட்டைகளை வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்குத்தான் வருவாள். மாலை ஐந்து மணிக்குள் கடைசி ஃபாரம், அதாவது இந்தக் கதை அச்சான தாள்கள், பைண்டர் கைக்குப் போயாக வேண்டும். பதிப்பாளர் அதற்குள் மூன்று முறை போன் செய்து ஃபாரம் என்ன ஆச்சு, ஃபாரம் என்ன ஆச்சு என்று உயிரை எடுத்துவிட்டார். சாதாரண நாளாக இருந்தால் வில்லியும் அவரோடு சேர்ந்து பதறியிருப்பாள். இன்று, "ஆகும், ஆகும், எல்லாம் நல்லபடியா ஆகும்" என்று அவருக்கே ஆறுதல் சொன்னாள். அவர் பயந்துபோய் வைத்துவிட்டார்.

அந்த இரண்டரை மணி நேரமும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருமுனை பேக்கரிக்குப் போய் கமாவுக்குப் பிடித்த திராட்சை கேக் வாங்கினாள். கமாவின் மேஜையைத் துடைத்தாள். துடைத்த மேஜையை மறுபடி துடைத்தாள். கணவரைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தாள். அச்சகக்காரரும் பதிலுக்குச் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கோணலாக இருந்ததையும், காலையிலிருந்து அவர் பேப்பர் வெட்டும் மெஷினை விட்டு நகரவே இல்லை என்பதையும் அவள் கவனித்திருக்க வேண்டும். சந்தோஷம் வந்தால் கண் தெரியாது.

பதினோரு மணிக்கு அட்டைக் கட்டுகளோடு கமா வந்தாள். மெஷின் ஓடவில்லை என்பதைப் பார்த்ததும் முகம் மாறியது. யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன் மேஜைமேல் இருந்த தாளை எடுத்தாள். அவள் படிப்பது வேறு மாதிரி. விரல் வரிக்கு வரி கீழே இறங்கும், உதடு அசையாது. முதல் பக்கம் முடிவதற்குள் விரல் நின்றுவிட்டது.

வில்லி மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது வெளியே வருவதற்குள் கமா பேசினாள்.

"மாத்துறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"யாரு?"

"நீங்கதான். நான் கெளம்புனதுக்கப்புறம் மாத்தியிருக்கீங்க. கதை உங்களோடது, உங்க இஷ்டம். ஆனா அந்தப் பொண்ணோட அம்மா செத்துப்போனவங்க. கதையில அவங்களும் வராங்க. அவங்களுக்கும் இதே பேருதான். இப்ப எது அவங்க, எது நீங்கன்னே தெரியல."

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. வில்லிக்குக் கையில் இருந்த கேக் பொட்டலம் கனத்தது. கமா மாற்றவில்லை. அதைவிட மோசம், வில்லி மாற்றியதாக நினைக்கிறாள். செத்துப்போனவளின் இடத்தில் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்துவிட்டாள் என்று நினைக்கிறாள். எந்தக் கதையிலும் எந்தச் சித்தியும் செய்கிற வேலை. ஏழு வில்லிகளுக்கு வக்காலத்து வாங்கியவளுக்குத் தனக்காக ஒரு வார்த்தை வரவில்லை.

"நான் தொடவே இல்ல," என்றாள் கடைசியில். "நீ மாத்தினேன்னு நெனச்சேன். அதுல எனக்கு..."

வாக்கியத்தை முடிக்காமல் கேக்கை மேஜைமேல் வைத்தாள். கமா கேக்கைப் பார்த்தாள், துடைத்த மேஜையைப் பார்த்தாள், வில்லியின் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து இந்த அறையில் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. காது சிவந்தது.

நீங்களும் இல்லை, நானும் இல்லை என்றால் யார்? இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். பேப்பர் வெட்டும் மெஷினின் பளபளக்கும் கத்தியை அச்சகக்காரர் மேலும் பளபளக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னை எதுக்குப் பார்க்கிறீங்க? நூத்தி எண்பத்தேழு எடத்துல மாத்தியாச்சுன்னு கம்ப்யூட்டர்தான் சொல்லுச்சு," என்றார். நுணலும் தன் வாயால் கெடும்.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. போன மாதம் லெட்டர்ஹெட்டில் ஒரு போன் நம்பரை மாற்றுவதற்காக, தேடி மாற்றும் வித்தையைக் கமாதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அன்றிலிருந்து எதையாவது தேடி எதையாவது மாற்ற அவருக்குக் கை பரபரத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நேற்று மாலை கமா கடைசிக் கதையின் ஃபைலை, அச்சுத் தகடான பிளேட் போடும் கடைக்கு அனுப்பச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அனுப்புவதற்கு முன் அவர் அதைத் திறந்து படித்திருக்கிறார். படித்து அழுதிருக்கிறார். அழுதவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம்.

"இவ கூப்பிட மாட்டேங்குறா. நீ கேக்க மாட்டேங்குற," என்றார் அவர். "நடுவுல ஒன்பது வருஷமா நான் தபால்காரன் வேலை பார்க்கிறேன். அவகிட்ட சொல்லுங்க, இவகிட்ட சொல்லுங்கன்னு. புத்தகத்துலயாவது ஒரு முடிவு வரட்டும்னு பார்த்தேன். சித்திரவதை உள்ளேயும் சித்தி இருப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்த கதைதான். மெஷின்காரர் இதுதான் சமயம் என்று டீ குடிக்கப் போய்விட்டார். கமா தன் அப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. திட்டவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஃபைலைத் திறந்தாள். பழைய பிரதி எதுவும் கிடையாது. வில்லி தட்டியது, கமா திருத்தியது, அச்சகக்காரர் கெடுத்தது எல்லாம் ஒரே ஃபைலின் மேல்தான்.

அம்மாவைத் தேடி மறுபடி சித்தியாக மாற்றிவிட்டால் ஆயிற்றே என்று அச்சகக்காரர் தூரத்திலிருந்து யோசனை சொன்னார். செத்துப்போன அம்மாவும் சித்தி ஆகிவிடுவாள் என்று கமா சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவர் அதற்கப்புறம் யோசனை சொல்லவில்லை.

பாதி வேலையைத் தமிழ் இலக்கணமே செய்துகொடுத்தது. ‘சித்தியின்’ என்பது ‘அம்மாயின்’ என்றும், ‘சித்தியை’ என்பது ‘அம்மாயை’ என்றும் மாறிக் கிடந்தன. உண்மையான அம்மா என்றால் ‘அம்மாவின்’, ‘அம்மாவை’ என்று இருந்திருப்பாள். ஆகவே அம்மாவுக்குப் பக்கத்தில் எங்கெல்லாம் ‘யி’யும் ‘யை’யும் ஒட்டிக்கொண்டிருந்தனவோ அங்கெல்லாம் அவள் சித்தி. கமா அவற்றை ஒரே இழுப்பில் பிடித்தாள். ‘அம்மாரம்’ சித்திரம் ஆனது. ‘பிரஅம்மா’ பிரசித்தி ஆனது. ராணி தன் நிழலை விற்று மந்திர சக்தி பெறும் இடத்தில் ‘அவள் இருள் அம்மா பெற்றாள்’ என்றிருந்தது. அது இருள் சித்தி. அதைப் படித்தபோது கமாவுக்கே சிரிப்பு எட்டிப் பார்த்தது. வில்லி வாயைப் பொத்திக்கொண்டாள். மத்தியானம் வரை ஓரளவு சுமுகமாகத்தான் போயிற்று.

மிச்சம் இருந்தவைதான் வம்பு. எந்த வாலும் ஒட்டாமல் வெறும் ‘அம்மா’ என்று நின்ற நூற்றுச் சொச்சம் இடங்கள். அதில் எது செத்துப்போன ராணி, எது உயிரோடிருக்கும் சித்தி என்பதை வரிவரியாகப் படித்துத்தான் பிரிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஊகிக்கக் கூடாது, எழுதியவரைக் கேட்க வேண்டும் என்பது கமாவின் சட்டம். மெய்ப்புப் பார்க்கும் பழைய முறைப்படி ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் சரி சொல்ல வேண்டும். இரண்டு நாற்காலிகளையும் ஒட்டிப் போட்டார்கள்.

கதையையும் இங்கே நாலு வரியில் சொல்லிவிட வேண்டும். அரண்மனையில் ஒரு கிணறு. வருடத்துக்கு ஒரு பெண்ணின் குரலைக் குடித்தால்தான் அது நாட்டுக்குத் தண்ணீர் தரும். இந்த வருடம் தன் மகளையே தருவதாக ராஜா ஒப்புக்கொண்டிருக்கிறார். அது இளையராணிக்கு மட்டும் தெரியும். அவள் தன் நிழலை விற்று இருள் சித்தி பெறுகிறாள். ராஜகுமாரியின் கூந்தலை அறுத்து, கரி பூசி, காட்டுக்குத் துரத்துகிறாள். காட்டின் ஓநாய்களிடம் அவளைக் காவல் காக்கச் சொல்கிறாள். உண்மையைச் சொன்னால் கிணறு கேட்டுவிடும், அதனால் சொல்லவில்லை. ஊர் காறித் துப்பியது. சித்திரவதைக் கூடத்திலும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"‘அம்மா தலை வாரிவிடும்போது ஒரு பாட்டு முணுமுணுப்பாள்,’" என்று கமா படித்தாள். "இது?"

"அது அவங்க."

"‘வாசலில் அம்மா வந்து நின்றாள். அவளுக்கு நிழல் இல்லை.’"

"அது நான்."

சொன்ன பிறகுதான் வில்லிக்கு உறைத்தது. சித்தி என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்று வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். கமா திருத்திவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். அதற்கடுத்த இரண்டு இடங்களில் வில்லி ஜாக்கிரதையாகச் சித்தி என்றே சொன்னாள். மூன்றாவது இடத்தில் கேள்வியே வேறு மாதிரி வந்தது.

"‘அம்மா கதவுக்கு வெளியே விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். அவள் அதை ஒருநாளும் சொல்லவில்லை.’ இது நீங்களா, அம்மாவா?"

"நான்."

"ம்."

பதினாறு வயதில் கமா பரீட்சையில் தோற்றுக் கதவைச் சாத்திக்கொண்ட நாள் ஒன்று உண்டு. வில்லி வெளியே உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. கமா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, ஆனால் அடுத்த வரிக்குப் போகக் கொஞ்ச நேரம் பிடித்தது. வில்லிக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

மணி மூன்று ஆனது. பதிப்பாளர் ஏழாவது முறை போன் செய்தார். அச்சகக்காரர் தானே எடுத்து, கூடுமானவரை பணிவாக, தப்பு தன்னுடையது என்று சொன்னார். வைத்துவிட்டு இருவருக்கும் டீ கொண்டுவந்தார். நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்தார்.

"அந்த ராஜா நானா?" என்று மெல்லக் கேட்டார்.

"கதை முழுக்க அவரு வாயத் தெறக்கல. அதனால நீங்க இல்ல," என்றாள் கமா.

காலையிலிருந்து அவள் நேராக அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவர் பாதி மன்னிப்புக் கிடைத்த முகத்தோடு நகர்ந்தார்.

மூன்றரை மணிக்குக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்கள். ராஜகுமாரி படையோடு திரும்பி வந்துவிட்டாள். நடந்தது தெரியாமல், சித்தியைக் கிணற்றில் இறக்கச் சொல்லித் தீர்ப்பும் சொல்லிவிட்டாள். கயிறு இறங்கிக்கொண்டிருக்கிறது. கிழட்டு ஓநாய் ஒன்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவள் காதில் உண்மையைச் சொல்கிறது.

கமா படித்தாள். "‘அவள் ஓடி வந்து கிணற்றுக்குள் குனிந்தாள். வாழ்நாளில் முதல் முறையாக அவளைக் கூப்பிட்டாள். அம்மா.’" படித்துவிட்டு நிறுத்தினாள். "இது என்ன?"

வில்லி திரையைப் பார்த்தாள். ‘அம்மா’ நன்றாகத்தான் இருந்தது. புத்தகத்தை வாங்குகிற எவரும் அந்த இடத்தில் அழுவார்கள். அச்சகக்காரர் தூரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். விட்டுவிடு, அதை மட்டும் விட்டுவிடு என்று அவர் முகம் கெஞ்சியது. ஒரு தலையாட்டல் போதும். பழைய பிரதி இல்லை, சாட்சி இல்லை. அம்மா என்றுதான் எழுதியிருந்தேன் என்று சொன்னால் அது அப்படியே அச்சாகிவிடும். காலையில் இரண்டரை மணி நேரம் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

"சித்தி," என்றாள் வில்லி.

"நிச்சயமாவா? இதுவும் நல்லாத்தான் இருக்கு."

"இருக்கலாம். ஆனா அந்தப் பொண்ணுக்கு அம்மா ஒருத்தி இருந்தா. அவளை அழிச்சுட்டு நான் அங்க போய் நிக்க முடியாது. அவ கூப்பிட்டது சித்தின்னுதான். எனக்கு அதுவே ஜாஸ்தி."

கமா சொல்லை மாற்றினாள். புள்ளியைச் சரிபார்த்தாள். ஃபைலைச் சேமித்தாள். பிறகு, வழக்கமான அந்த மெய்ப்புப் பார்க்கும் குரலிலேயே சொன்னாள்.

"எனக்குத் தெரியும். நேத்து நாலு தடவ படிச்சேன்."

"அப்ப எதுக்கு என்னைக் கேட்ட?"

"நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான்."

நாலு தடவை படித்தவள் ஒற்று போட்டேன் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறாள். வில்லிக்குக் கோபம்கூட வந்தது. அதற்குள் கமா எழுந்து பிளேட் கடைக்குப் போன் செய்யப் போய்விட்டாள்.

நாலேகாலுக்குப் புதுப் பிளேட் வந்தது. மெஷின்காரர் மை பார்த்து, தாள் பார்த்து, வேண்டிய கடவுளையெல்லாம் வேண்டி மெஷினை ஓட்டினார். முதல் தாளை எடுத்து வில்லியிடம் கொடுத்தார். அவள் வெளிச்சத்தில் வைத்து மேலிருந்து கீழாக விரலை ஓட்டினாள். சித்திரவதைக் கூடம் சரியாக இருந்தது. பிரசித்தி சரியாக இருந்தது. அவரவர் அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். கிணற்றடியும் சரி. கடைசியாக மிச்சம் இருந்தது அச்சகத்தின் பெயரும் முகவரியும் மட்டும் போட்ட பக்கம். அதையும் பார்த்தாள், எழுத்துப்பிழை இருந்தால் கமா விடமாட்டாள்.

"சித்தி."

மெஷின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. கமா பின்னாலிருந்து எதையோ படித்துக்காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். விரல் அந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லைத் தேடியது. மேலே தேடியது, கீழே தேடியது. முகவரிக்குள் சித்தி எங்கிருந்து வருவாள்?

"சித்தி, உங்களத்தான்."

வில்லி திரும்பினாள். கமா கையில் அட்டைக் கட்டோடு நின்றிருந்தாள். காது மறுபடி சிவந்திருந்தது. வில்லி கையில் இருந்த தாளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மெஷின்காரரிடமே திருப்பிக் கொடுத்தாள். அழக்கூடாது, அழுதால் இவள் இன்னும் ஒன்பது வருடம் இருமுவாள் என்று தனக்குத்தானே கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டாள்.

"சொல்லும்மா."

"பைண்டர்கிட்ட நாம ரெண்டு பேரும் போலாமா? வழியில உங்ககிட்ட ஒருத்தரப் பத்திப் பேசணும்." குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவுக்கு இப்ப தெரிய வேணாம்."

ஒன்பது வருடம் காத்திருந்து பதவிக்கு வந்தவள் பதவியேற்ற இரண்டாவது நிமிடமே, உலகத்தில் எந்தச் சித்தியும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்.

"பையன் என்ன வேலை பாக்குறான்?"

கமா பதில் சொல்வதற்கு முன் அட்டைக் கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அங்கதான் சிக்கலே, சித்தி. பத்திரிகையில புத்தக விமர்சனம் எழுதுறாரு," என்றாள். "உங்க போன புத்தகத்தப் படிச்சிருக்காரு, பிடிக்கலயாம்."